பதினேழு நிமிடத் தாமதம்

லூப்ளின் நகரம், ஜனவரிக் கடைசி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
லிதுவேனியச் சதுக்கத்தின் முன்னால்
என் டிராலிபஸ் நின்றுபோனது.
தலைக்கு மேல் இரண்டு கம்பி.
அவற்றை விட்டு எந்தச் சந்துக்குள்ளும் திரும்ப முடியாது எனக்கு.
எதிரே பிள்ளைகள், ஆயிரமோ இரண்டாயிரமோ.
வாயில் கறுப்பு டேப் ஒட்டியவர்கள்,
அட்டை முகமூடிக்காரர்கள்,
குளிருக்குக் குதித்துக் குதித்துக்
கோஷத்தில் பாதியைப் பல்லிலேயே நொறுக்கியவர்கள்.

"என்னவாம் இதுகளுக்கு?" என்றார்
மடியில் முட்டைக்கூடை வைத்திருந்தவர்.
"டோக்கியோவில் யாரோ கையெழுத்துப் போட்டார்களாம்."
"டோக்கியோவில் போட்டால்
என் பஸ் ஏன் இங்கே நிற்கிறது?"
நியாயமான கேள்வி.
நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வருடக்கணக்காய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்களாம்.
ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தவை
கசிந்த பக்கங்கள்தானாம்.
போலிக் கைப்பை, போலி மாத்திரை,
என் மகள் பார்க்கும் படம்,
எல்லாம் ஒரே சாக்கில்.

டோப்ராவாவுக்குக் காது கேட்காது.
படத்துக்கு அடியில் ஓடும் வரிகளை
முன்பின் தெரியாத யாரோ
இரவு மூன்று மணிக்கு உட்கார்ந்து தட்டுகிறார்கள்,
ஏகப்பட்ட எழுத்துப்பிழையோடு.
'கதவு கிரீச்சிடுகிறது' என்றுகூட எழுதியிருந்தான் ஒருவன்.
கிரீச் எப்படி இருக்கும், என்று கையால் கேட்டாள்.
டிப்போவுக்குக் கூட்டிப்போய்
பஸ் கதவின் கீலில் அவள் விரலை வைத்துத்
திறந்து மூடினேன், திறந்து மூடினேன்.
அவனுக்கு யாரும் காசு தரவில்லை.
படம் எடுத்தவருக்கு அவனும் தரவில்லை.

ஸெனோபியுஷ் அப்போதுதான் எழுந்தார்.
டிரம்பெட் வாத்தியார், தினமும் வருகிறவர்.
"நான் போட்ட மெட்டு இல்லாமல்
இந்த ஜில்லாவில் கல்யாணம் நடப்பதில்லை.
போன வருடம் எனக்கு வந்தது இருபத்தாறு ஸ்லோட்டி.
என் பைக்குள் கையை விட்டுக்கொண்டு
சுதந்திரம் என்கிறார்கள்."
பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை.
இருபத்தாறில் நல்ல கையுறைகூட வராது.
கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தபடி நின்றார்.
"ஆனால் என்னைக் கேட்டா எழுதினார்கள்?
என் பேரைச் சொல்லி எழுதினார்கள்."
உட்கார்ந்துவிட்டார்.

என் வண்டிக்கும் விதிப்புத்தகம் உண்டு.
இருக்கைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.
கை நீட்டினால் யாரும் படிக்கலாம்,
யாரும் நீட்டுவதில்லை, அது வேறு.

ஓர் அடி நகரப் பார்த்தேன்.
கம்பியிலிருந்து கோல் நழுவி
நீலமாய்ப் பொறி தெறித்து
விளக்கெல்லாம் அணைந்தது. கூட்டம் கைதட்டியது,
ஏதோ நான் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டதுபோல.
ரப்பர் கையுறை மாட்டி இறங்கினேன்.
பின்னால் கயிற்றை இழுக்கையில்
ஒரு முகமூடி வந்து கூடப் பிடித்தது.
"இதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமா?"
"கூடாது. விதி இருக்கிறது" என்றேன்,
"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இழு."
கோல் கம்பியில் உட்கார்ந்தது. விளக்கு வந்தது.
அட்டையைத் தூக்கி மூக்கைச் சிந்தினான்.
பதினைந்து வயது இருக்கும். காதெல்லாம் சிவப்பு.
"தொப்பி எங்கே?" என்று கேட்டுவைத்தேன்.

டிப்போவில் தாமதப் பதிவேடு.
'காரணம்' கட்டத்தில் விரலகலம்தான் இடம்.
'படிக்கத் தராத காகிதம்' என்று நுணுக்கி எழுதினேன்.
மேற்பார்வையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
கோடு கிழித்துப்
'பனிப்பொழிவு' என்று திருத்தினார்.
அன்றைக்கு ஒரு துகள் விழவில்லை.

ஜூலையில்,
ஜன்னல்களையெல்லாம் திறந்து ஓட்டிய ஒரு பகலில்,
ரேடியோ சொன்னது:
ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அது தோற்றுவிட்டது.
ஸெனோபியுஷ் தலையை மட்டும் ஆட்டினார்.
அவருக்கு இந்த வருடம் இருபத்தெட்டாம்.
"எது தோற்றது?" என்றார் முட்டைக்காரர்,
இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்கியபடியே.
கதவை மூடினேன்.
கிரீச்சிட்டது.